1848 ஃபிராங்க்ஃபர்ட் பார்லிமென்ட் பத்தி கேளுங்க, பதில் சொல்றேன்

ஜெர்மன்காரங்க நாடு பூரா தேர்தல் வச்சு முதல்முதலா ஒரு பார்லிமென்ட் கூட்டுனது 1848 மே 18ல, ஃபிராங்க்ஃபர்ட் ஊர்ல இருக்கற பவுல் சர்ச்சுக்குள்ள. ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் மேல நடந்துச்சு, அப்புறம் கலைச்சு விட்டுட்டாங்க. எனக்கு ரொம்ப புடிச்ச சப்ஜெக்ட், வந்த கேள்வி எல்லாத்துக்கும் இங்கயே பதில்.

கேள்வி: சார், 1848ல ஜெர்மனின்னு ஒரு நாடே இல்லையே, அப்புறம் எந்த நாட்டுக்கு பார்லிமென்ட்?

அதான் மொத்த பிரச்சனையே. அப்போ இருந்தது நாப்பதுக்கு கிட்ட ராஜ்ஜியங்கள், அதுல பெருசு பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும், எல்லாம் சேர்ந்து ஒரு தளர்வான கூட்டமைப்பு. பிப்ரவரில பாரிஸ்ல ராஜாவ துரத்துனாங்க, அந்த நியூஸ் வந்ததும் இங்கயும் பத்திக்கிச்சு. மார்ச் 13 வியன்னால ஆஸ்திரியாவோட பெரிய மந்திரி மெட்டர்னிக் பதவிய விட்டு ஓடுனார், 18ம் தேதி பெர்லின் தெருவுல தடுப்பு போட்டு ஜனங்க பட்டாளத்தோட சண்டை, 200 பேருக்கு மேல செத்தாங்க. மறுநாள் அந்த பிணங்கள அரண்மனை முற்றத்துக்கே தூக்கிட்டு வந்தாங்க, ராஜா ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் வெளிய வந்து தொப்பிய கழட்டி நிக்க வேண்டியதாயிடுச்சு. அந்த பயத்துல தான் எல்லா ராஜாவும் சரி தேர்தல் வைங்கன்னு விட்டாங்க. ஆக நாடு இல்லாம பார்லிமென்ட் வந்துச்சு, நாட்ட உண்டாக்குறதே அதோட வேலை.

கேள்வி: எல்லாருக்கும் ஓட்டு இருந்துச்சா அண்ணா? பெண்களுக்கு?

பெண்களுக்கு இல்ல மா. மேல கேலரில உக்காந்து கேக்கலாம், நிறைய பேர் வந்து கேட்டாங்க, அவ்ளோதான். ஆம்பளைங்கள்லயும் "சொந்தக் கால்ல நிக்கறவங்க" மட்டும்னு ஒரு கண்டிஷன், அதுக்கு ஒவ்வொரு ராஜ்ஜியமும் ஒவ்வொரு அர்த்தம் எடுத்துக்கிச்சு, சில இடத்துல வேலைக்காரங்க, கூலிக்காரங்களுக்கு ஓட்டு கிடைக்கல. பெரும்பாலான இடத்துல நேரடி ஓட்டும் கிடையாது, நீங்க ஒருத்தர தேர்ந்தெடுக்கணும் அவர் போய் உறுப்பினர தேர்ந்தெடுப்பார். இருந்தாலும் அந்த காலத்து ஐரோப்பால இவ்ளோ பேருக்கு ஓட்டு கிடைச்சது பெரிய விஷயம்.

கேள்வி: புரொஃபசர்கள் பார்லிமென்ட்னு சொல்வாங்களே, பேசிப் பேசியே கெடுத்தாங்கன்னு?

இத கேக்கும்போதெல்லாம் எனக்கு கோவம் வரும். வந்து போன உறுப்பினர்கள் மொத்தம் 800 பேர் கிட்ட, அதுல யுனிவர்சிட்டி புரொஃபசர் ஐம்பது பேர் தேறுவாங்க. மெஜாரிட்டி ஜட்ஜ், வக்கீல், அரசு அதிகாரிங்க. தொழிலாளிங்க சார்பா பேச ஆளே இல்லாத மாதிரி தான், அது உண்மையான குறை, அத சொல்லுங்க ஒத்துக்கறேன். கட்சின்னு ஒண்ணு அப்போ ஜெர்மனில கிடையாது, சாயங்காலம் சாப்பாட்டு விடுதிகள்ல கூடி நாளைக்கு எப்படி ஓட்டு போடறதுன்னு பேசுவாங்க, அப்படியே விடுதி பேரே கோஷ்டி பேரா ஆயிடுச்சு: காசினோ, டாய்ச்சர் ஹோஃப், டோனர்ஸ்பெர்க், கஃபே மிலானி. ஜெர்மன் கட்சி அரசியலோட ஆரம்பமே அந்த மேஜைகள்ல தான்.

கேள்வி: ஆறு மாசம் அடிப்படை உரிமைகள் பத்தி விவாதம் பண்ணது வேஸ்ட் தானே? முதல்ல ஆட்சிய புடிச்சிருக்கணும்.

1819லேர்ந்து பத்திரிகைல என்ன அச்சடிக்கறதுன்னாலும் சென்சார், பேசுனதுக்கு வேலை போச்சு, எழுதுனதுக்கு ஜெயில். அந்த ஜெயில்ல இருந்துட்டு வந்தவங்களே அந்த சபைல உக்காந்திருந்தாங்க, அவங்க முதல்ல இதத் தான் கேப்பாங்க. 1848 டிசம்பர்ல சட்டமாவே கொண்டு வந்தாங்க: பத்திரிகை சுதந்திரம், கூட்டம் கூட உரிமை, பிரபுக்களுக்கு தனி சலுகை கிடையாது, மரண தண்டனை சில விதிவிலக்கு தவிர ஒழிப்பு, எந்த மதமா இருந்தாலும் குடியுரிமை ஒண்ணு தான். கடைசி விஷயத்துக்கு பின்னாடி காப்ரியல் ரீஸர்னு ஒரு ஹாம்பர்க் வக்கீல் இருக்கார். யூதர்ங்கறதால வக்கீலா தொழில் பண்ண விடாம தடுத்தாங்க அவர. யூதர்களுக்கு தனி சட்டம் வேணும்னு ஆகஸ்ட்ல ஒரு உறுப்பினர் சொன்னப்போ இவர் எந்திரிச்சு பதில் பேசுனார், அதோட அந்த யோசனை செத்துச்சு. அப்புறம் அதே சபைக்கு அவர் துணைத் தலைவர். இத வேஸ்ட்னு சொல்ல எனக்கு மனசு வராது.

கேள்வி: அப்போ எங்க தான் சறுக்குனாங்க?

என் கணக்குல 1848 செப்டம்பர். ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் பகுதிக்காக டென்மார்க்க எதிர்த்து சண்டை நடந்துட்டு இருந்துச்சு, சண்டை போட்டது பிரஷ்யாவோட பட்டாளம். இங்கிலாந்தும் ரஷ்யாவும் நெருக்க, பிரஷ்யா ஸ்வீடன்ல இருக்கற மால்மோ ஊர்ல சண்டை நிறுத்தம் போட்டுடுச்சு, பார்லிமென்ட்ட ஒரு வார்த்தை கேக்கல. செப்டம்பர் 5ல சபை முடியாதுன்னு ஓட்டு போட்டுச்சு. சரி முடியாதுன்னா சண்டைய தொடர பட்டாளம் எங்க? வரி வசூல் பண்ண ஆள் எங்க? ஆஸ்திரிய இளவரசர் யோஹான தற்காலிக தலைவரா வச்சு மந்திரிசபை எல்லாம் இருந்துச்சு, ஆனா அந்த மந்திரி உத்தரவு போட்டா கேக்க ஒரு சிப்பாய் கிடையாது. 16ம் தேதி வேற வழியில்லாம அதே ஒப்பந்தத்த ஏத்துக்கிட்டாங்க. ஜனங்க துரோகம்னு கொதிச்சு 18ம் தேதி ஃபிராங்க்ஃபர்ட்லயே கலவரம், ரெண்டு உறுப்பினர்கள கொன்னுட்டாங்க. சபைய காப்பாத்த வந்தது யாரு? அதே பிரஷ்ய, ஆஸ்திரிய பட்டாளம். அன்னைக்கே யாருகிட்ட அதிகாரம் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

கேள்வி: ராபர்ட் ப்ளூம் உறுப்பினரா இருந்தும் சுட்டாங்களாமே?

ஆமா. இடதுசாரிங்களோட தலைவர், ஏழை வீட்டுப் பிள்ளை, வியன்னா எழுச்சிக்கு ஆதரவா போனார். ஆஸ்திரிய பட்டாளம் ஊர திரும்ப புடிச்சதும் நவம்பர் 9ல சுட்டுட்டாங்க. உறுப்பினருக்கு பாதுகாப்புன்னு சட்டம் இருந்துச்சு, அவங்க மதிக்கல. பார்லிமென்ட் கண்டனம் தான் போட முடிஞ்சுது.

கேள்வி: கிரீடத்த குடுத்தும் பிரஷ்ய ராஜா ஏன் வேணாம்னார்?

1849 மார்ச்ல ஆஸ்திரியா தன் முழு சாம்ராஜ்ஜியமும் ஒண்ணு தான், பிரிக்க முடியாதுன்னு அறிவிச்சதும் அவங்கள சேத்துக்கற வழி அடைபட்டுச்சு. மிச்சம் பிரஷ்யா. மார்ச் 28ல பிரஷ்ய ராஜாவ ஜெர்மன் சக்கரவர்த்தியா ஆக்க 290 பேர் ஓட்டு, 248 பேர் ஓட்டே போடல. எடுவார்ட் சிம்சன் தலைமைல ஒரு குழு பெர்லின் போச்சு, ஏப்ரல் 3ல ராஜா கைய விரிச்சுட்டார். அவர் நம்பிக்கைப்படி கிரீடம் கடவுள் குடுக்கறது, ஜனங்க குடுத்தா அது "சேறும் களிமண்ணும்", முன்னாடியே ஒரு நண்பருக்கு லெட்டர்ல அப்படித் தான் எழுதியிருந்தார். சின்ன ராஜ்ஜியங்கள் 28, சபை எழுதுன அரசியல் சட்டத்த ஏத்துக்கிச்சு, பெருசுங்க எதுவும் ஒத்துழைக்கல. மீதி உறுப்பினர்கள் ஸ்டுட்கார்ட் போய் கூடுனாங்க, ஜூன் 18ல பட்டாளம் வந்து வழிய மறிச்சுடுச்சு.

கேள்வி: ரொம்ப புகழறீங்களே, போலந்துக்காரங்களுக்கு என்ன பண்ணாங்க?

நியாயமான கேள்வி. மோசம் பண்ணாங்க. தனக்கு சுதந்திரம் கேட்ட அதே சபை 1848 ஜூலைல, போலிஷ் ஜனங்க அதிகம் வாழ்ந்த போசன் மாகாணத்தோட பெரும்பகுதிய ஜெர்மனியோட சேத்துக்கலாம்னு பெரிய மெஜாரிட்டில ஓட்டு போட்டுச்சு. எதிர்த்துப் பேசுனவங்கள்ல ப்ளூம் ஒருத்தர். இதுக்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

கேள்வி: பிஸ்மார்க் "இரும்பும் ரத்தமும்" பேச்சுல இவங்களத் தானே சொன்னார்?

இவங்களத் தான். பிரஷ்யாவோட பிரதமரா இருந்த பிஸ்மார்க் 1862ல, பேச்சாலயும் மெஜாரிட்டி தீர்மானத்தாலயும் பெரிய விஷயம் முடிவாகாது, 1848லயும் 49லயும் பண்ண தப்பு அதான்னு சொன்னார். ஆனா அதே பிஸ்மார்க் 1867ல வட ஜெர்மன் பார்லிமென்டுக்கு தேர்தல் வைக்கும்போது எடுத்துக்கிட்டது இவங்க 1849 ஏப்ரல்ல போட்ட தேர்தல் சட்டத்த: 25 வயசான ஆம்பளைங்களுக்கு நேரடியான, ரகசியமான, சமமான ஓட்டு. ஜெர்மனி குடியரசானப்போ வந்த 1919 வைமர் அரசியல் சட்டத்துலயும், ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த 1949 அரசியல் சட்டமான அடிப்படைச் சட்டத்துலயும் அந்த உரிமைப் பட்டியலோட சாயல் அப்படியே தெரியும், எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சுப் பாருங்க.