எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கு மிக்ஸியில் அரைத்த காபிப்பொடி ஏன் சரிப்படாது?

எஸ்பிரெஸ்ஸோ என்பது, நைஸாக அரைத்து அழுத்தி வைத்த பொடிக்குள் சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, 25–30 விநாடியில் இறக்கும் கெட்டி டிகாக்‌ஷன். மிக்ஸி பிளேடு கொட்டையை அடித்து உடைக்கிறது. மாவும் குருணையும் கலந்தே கிடைக்கும். வரப்பில் எலி வளை இருந்தால் வயல் தண்ணீர் அதன் வழியே ஓடிவிடுவதுபோல, வெந்நீரும் இளக்கமான இடத்தில் பாய்ந்துவிடும். குருணை புளிக்கும், மாவு கசக்கும், இரண்டும் ஒரே கோப்பையில்.

வயநாட்டை ஒட்டிய கூடலூர், பந்தலூர் பக்கம் ரொபஸ்டா ரகக் காபி குடிப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அதன் கசப்பு சட்டென்று தூக்கும். பல் சக்கரங்களுக்கிடையே அரைக்கும் பர் கிரைண்டர் ஏறக்குறைய ஒரே அளவாகத் தரும். மெஷினில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள்.

எவ்வளவு நைஸோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அளவு மீறினால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், கசப்பும் ஏறும்.