காடு பிடிக்கும், அதற்காக இந்தப் படிப்பில் சேரலாமா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறேன். காடு, பறவை என்றால் எனக்கு உயிர். இயற்கை சார்ந்த நீடித்த சுற்றுலா என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதாக அறிந்தேன். பாதி நாள் காட்டிலேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன். "ஊர் சுற்றிக் காட்ட ஒரு பட்டமா?" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் நினைப்பதும் சரியில்லை, மகளே.

நான் இதைப் படித்தவள். கடைசி ஆண்டு ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு மலைக்காட்டு நடைபாதை. பெரிய விலங்கு ஏதாவது கண்ணில் படும் என்ற ஆசையோடு போனேன். கையில் கொடுத்ததோ அளவு டேப்பும் ஒரு நோட்டும். ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை குனிந்து பாதையின் அகலத்தை அளக்க வேண்டும், எத்தனை வேர்கள் வெளியே தெரிகின்றன என்று எழுத வேண்டும்.

கூட்டம் நின்று படம் எடுக்கும் காட்சிமுனையில்தான் சேதம் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நீர் வடியாமல் சேறு தேங்கிய ஒரு தாழ்வான வளைவில்தான் பாதை இரண்டு மடங்குக்கு மேல் அகன்று கிடந்தது. கால் சேறாகக் கூடாது என்று ஆளாளுக்கு ஓரத்துச் செடிகளை மிதித்துப் போயிருக்கிறார்கள். வருகிறவர்களைப் பாதியாகக் குறைத்தாலும் அந்த இடம் தேறாது. ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பினால் தேறும். அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

இந்தத் துறையில் ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்றுதான் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் அதைத் தாங்குதிறன் என்போம். 1985இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள்: இங்கே எவ்வளவு மாற்றத்தை ஏற்றுக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் என்ன செய்யப் போகிறோம்? அப்புறம், மிதிபடும் தாவரங்களைப் பற்றிய ஆய்வுகள் இருக்கின்றன. யாரும் நடக்காத தரையில் முதலில் நடக்கும் சிலரால்தான் சேதத்தின் பெரும்பகுதி. பின்னால் வருகிறவர்கள் கூட்டுவது குறைவு. அதனால் கூட்டத்தைக் காடெங்கும் பரவவிடுவதைவிட ஒரே பாதையில் நடக்கவைப்பது பல இடங்களில் நல்லது. முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

அப்பாவுக்கு மாயா விரிகுடாவைச் சொல்லுங்கள். தாய்லாந்தில் இருக்கிறது. படகுகளின் நங்கூரத்தாலும் கூட்டத்தாலும் பவளப்பாறைகள் நொறுங்கியதால் 2018இல் மூடினார்கள். அந்த இடைவெளியில் பவளங்களை நட்டார்கள். கருந்துடுப்புச் சுறாக்கள் ஆழமில்லாத நீருக்குத் திரும்பின. 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகளை விரிகுடாவுக்குள் விடவில்லை, தீவின் பின்பக்கம் நிறுத்தச் சொன்னார்கள். இப்படி ஒரு முடிவெடுக்கக் கடல் உயிரியலும் தெரிய வேண்டும், படகோட்டியின் அன்றாட வருமானமும் தெரிய வேண்டும். ருவாண்டாவில் கொரில்லாக்களைப் பார்க்க வருகிறவர்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு பூங்காவை ஒட்டிய கிராமங்களுக்குப் போகிறது. அந்தப் பங்கு எவ்வளவு, எதற்குச் செலவாகிறது என்று கேட்கத் தெரிந்தவர்களைத்தான் இந்தப் படிப்பு உருவாக்க வேண்டும்.

வேலை? பூங்கா நிர்வாகம், பார்வையாளர் திட்டமிடல், சுற்றுலா நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தணிக்கை, உள்ளூர் மக்கள் நடத்தும் சுற்றுலாவுக்கு உதவும் அமைப்புகள் என்று இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாகவும் வேலை பருவத்துக்குப் பருவம் மாறுவதாகவும் இருக்கலாம். இதை மறைக்காமல் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஓட்டல் நிர்வாகமும் விளம்பரமும்தான் நிறைந்திருக்கிறது, களப்பணிக்குச் சில நாள்தான் என்றால் அங்கே சேர வேண்டாம். சூழலியல், நிலப்பயன்பாட்டுச் சட்டம், மக்களிடம் பேட்டி எடுக்கும் முறை, இந்த மூன்றும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: இந்தப் படிப்பில் கணக்கு உண்டா? எனக்குக் கணக்கு என்றாலே பயம்.

பதில்: புள்ளியியல் உண்டு. எனக்கும் பயம்தான் இருந்தது. நானே அளந்த பாதையின் எண்கள் என்றானதும் போய்விட்டது. முதல் பருவத்திலேயே சொந்தமாக எதையாவது எண்ணத் தொடங்குங்கள், ஒரு குளக்கரைக்குக் காலையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்றாவது.