அமெரிக்காவின் ‘அப்பலாச்சியா’ என்ற பெயரை எப்படி உச்சரிப்பது? அது எந்தப் பகுதியைக் குறிக்கிறது?

ஆப்ப-லாச்-சா. அழுத்தம் ‘லாச்’ என்ற இடத்தில் விழ வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஆப்பிள்’ என்று சொல்லும்போது முதலில் வரும் உயிரொலிதான் இங்கே தொடக்கத்திலும் ‘லா’விலும் வருகிறது. கிழக்கு டென்னசியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். உடன் பணியாற்றிய உள்ளூர்க்காரர்கள் வாயில் இந்த உச்சரிப்பைத்தான் கேட்டேன். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித் தர அங்கே ஒரு வேடிக்கையான வழி உண்டு: “சரியாகச் சொல்லாவிட்டால் உன்மேல் ஆப்பிளை எறிவேன்.” இதன் ஆங்கில வடிவில் வரும் ‘ஆப்பிள் அட் யூ’ (உன்மேல் ஆப்பிளை) என்பதை வேகமாகச் சொன்னால் அவர்கள் பேச்சில் ‘ஆப்பிளாச்சா’ என்றுதான் ஒலிக்கும்.

‘ஆப்பலேஷா’, ‘ஆப்பலேச்சா’ என்பவை வடக்கே, பென்சில்வேனியா முதல் நியூ இங்கிலாந்து (மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்கள்) வரை கேட்பவை. அகராதிகள் இரண்டு வகையையும் ஏற்கின்றன. ஆனாலும் டென்னசி, மேற்கு வட கரோலினா, தென்மேற்கு வர்ஜீனியா, கிழக்கு கென்டக்கி மக்கள் பலருக்கு ‘லே’ என்று கேட்டாலே முகம் மாறிவிடும். அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. 1964 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு ஆதரவு தேடி, கென்டக்கியின் ஐனெஸ் என்ற சிற்றூருக்கு வந்து ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசினார். செய்தியாளர்களும் அதிகாரிகளும் தொலைக்காட்சிக் கேமராக்களும் அந்த மலைகளுக்கு வந்தவண்ணம் இருந்த காலம் அது. கந்தல் உடைக் குழந்தைகளும் இடிந்த வீடுகளும்தான் நாடு முழுவதும் காட்டப்பட்டன. வெளியிலிருந்து வந்தவர்கள் பலர் தங்கள் ஊர் வழக்கப்படி ‘லே’ என்றே சொன்னார்கள். ஆகவே அந்த ஒலியைக் கேட்டதும், தங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்களின் நினைவு வந்துவிடுகிறது.

பெயரின் மூலம் இந்த மலைகளில் இல்லை. வடக்கு புளோரிடாவில், இன்றைய டாலஹாசியைச் சுற்றி மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்த அப்பலாச்சி மக்களின் பெயர் அது. 1528இல் நார்வாயெஸ் தலைமையில் வந்த ஸ்பானியர்கள் தங்கம் தேடி அவர்கள் நாட்டுக்குள் நுழைந்தார்கள். 1539இல் வந்த இன்னொரு ஸ்பானியத் தலைவர் தே சோட்டோவின் படை அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தது. பிறகு ஐரோப்பிய வரைபடக்காரர்கள் அந்தப் பெயரை வடக்கே வடக்கே நகர்த்தி மலைகளின் மேல் எழுதிவிட்டார்கள். பெயருக்கு உரியவர்களின் கதி துயரமானது. 1704இல் கரோலினாவிலிருந்து வந்த ஆங்கிலேயப் படையும் அதன் கூட்டாளிகளும் அவர்களுடைய ஊர்களை அழித்துப் பலரை அடிமைகளாக இழுத்துச் சென்றார்கள். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் மேற்கே போனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் லூசியானாவில் வாழ்கிறார்கள். இவ்வளவு பெரிய மலைத்தொடரின் பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இவர்களைத் தெரியும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அடுத்து, எல்லை. மலைத்தொடர் வேறு, வட்டாரம் வேறு. மலைகள் அலபாமாவில் தொடங்கி கனடாவரை செல்கின்றன. ‘அப்பலாச்சியா’ என்ற வட்டாரமோ, 1965இல் அமைந்த அப்பலாச்சிய வட்டார ஆணையத்தின் கணக்குப்படி, தெற்கு நியூயார்க்கிலிருந்து வடகிழக்கு மிசிசிப்பிவரை 13 மாநிலங்களைத் தொடுகிறது. முழுமையாக உள்ளே இருப்பது மேற்கு வர்ஜீனியா மாநிலம் மட்டுமே. பிட்ஸ்பர்க் மாநகரம்கூட இதற்குள் வருகிறது. புகழ்பெற்ற அப்பலாச்சிய நெடுநடைப் பாதை முடியும் மெய்ன் மாநிலம் வருவதில்லை. ஆணையத்தின் எல்லை நிர்வாகத்துக்காக வரைந்தது. மக்கள் பேச்சில் இந்தச் சொல் பெரும்பாலும் நடு, தென் மலைப்பகுதியையே குறிக்கிறது.

அங்கே வாழும் முதியவர்கள் தங்களை அப்பலாச்சியர் என்று அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பெயரையோ தங்கள் ‘ஹாலர்’ பெயரையோ சொல்வார்கள். இரு மலைச்சரிவுகளுக்கு இடையே ஓடையை ஒட்டி நீளும் குறுகிய பள்ளத்தாக்குக்கு அப்படிப் பெயர். ‘ஹில்பில்லி’ (மலைநாட்டுப் பட்டிக்காட்டான்) என்ற சொல்லை அவர்கள் தங்களுக்குள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். வெளியார் சொன்னால் அது வசை.

தமிழில் எழுதும்போது ‘அப்பலாச்சியா’, ‘அப்பலாச்சிய மலைத்தொடர்’ என்பவற்றையே பயன்படுத்துங்கள். ‘அப்பலேஷியா’ வேண்டாம். மெய்னிலோ நியூ ஹாம்ப்ஷயரிலோ மலையேறப் போனால் மட்டும் ‘லே’ என்றே சொல்லலாம். அங்கே அதுதான் உள்ளூர் வழக்கு.