ஆக்சிடென்ட் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில் கார் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏன் ஏறுகிறது?

முதலில் கிரெடிட்டை, அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாற்றைப் பாருங்கள். வங்கி பார்க்கும் ஸ்கோர் வேறு, இன்சூரன்ஸ் ஸ்கோர் வேறு. ஸ்கோர் போடும் ஃபைகோ நிறுவனத்தின் இன்சூரன்ஸ் ஸ்கோர் கணக்கில் தவணையை ஒழுங்காகக் கட்டியதற்குச் சுமார் 40%, பாக்கிக் கடனுக்கு 30%. சம்பளம் அதில் சேராது. கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸில் கார் பாலிசிக்கு இந்த ஸ்கோர் செல்லாது.

கிரெடிட்டால் கட்டணம் கூடினால் இன்சூரன்ஸ் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். பலர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறார்கள்! அதில் குறிப்பிட்ட, கிரெடிட் விவரம் தொகுக்கும் ஏஜென்சியிடம் 60 நாளுக்குள் கேட்டால் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட் இலவசம். கட்டி முடித்த கார்டு இன்னும் பாக்கியாக நின்றால் ரசீதோடு அந்த ஏஜென்சியிடம் ஆட்சேபம் போடுங்கள். வழக்கமாக 30 நாளில் விசாரிக்க வேண்டும். திருத்தியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மறுகணக்கு கேளுங்கள், தானாக நடக்குமென்று காத்திருக்க வேண்டாம். வேறு கம்பெனிகளில் பிரீமியம் விசாரித்தால் ஸ்கோர் குறையாது.