பேனரின் கீழ் வரிசை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் அக்கா மகனுக்கு 22 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அவன் தலைவர் என்று கொண்டாடும் நடிகரின் பிறந்தநாளுக்குப் பேனர் வைக்க, அக்காவின் கம்மலை அடகு வைத்திருக்கிறான். தாய்மாமன் என்ற உரிமையில் கேட்டேன். "உங்களுக்குக் காமராஜர் இருந்தார் மாமா, எனக்கு இவர் இருக்கிறார்" என்றான். கை ஓங்கிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கரூர்க் கூட்ட நெரிசல் செய்தியைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. தமிழனுக்கு மட்டும் ஏன் இந்த அடிமைப் புத்தி? இவனிடம் என்ன சொல்வது?

– ஒரு வாசகர், தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

அக்காவின் காதிலிருந்து கழற்றிய நகை என்றால் எந்தத் தம்பிக்கும் வயிறு எரியத்தான் செய்யும். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு கோபமாக ஓர் இனத்துக்கே அடிமைப் புத்தி என்று எழுதிவிட்டீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடிமைகள் வாக்குச்சாவடியில் நம் மக்களைப் போல் நடந்துகொள்ள மாட்டார்கள். உங்கள் மருமகன் சொன்ன காமராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர், இன்றும் படம் மாட்டி வணங்கப்படுகிறவர். அவரை 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக இருந்த ஓர் இளைஞரிடம் தோற்க வைத்தார்கள். எம்.ஜி.ஆர். புகழின் உச்சியில் இருந்த 1980ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் அவர் கட்சி வென்றவை இரண்டே இரண்டு. சில மாதங்களில் அவர் ஆட்சி கலைக்கப்பட்டுச் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அதே மக்கள் அவரையே மறுபடி முதல்வராக்கினார்கள். சிவாஜி கணேசன் 1989இல் திருவையாற்றில் தோற்றார். அன்று உங்கள் தருமபுரி மாவட்டத்தில் இருந்த பர்கூரில், 1996இல் முதல்வர் ஜெயலலிதாவே தோற்றார். அவர் கார் போன திசையைப் பார்த்துத் தரையில் விழுந்து கும்பிட்டவர்கள் இருந்த ஊர்களிலும்தான் அவருக்கு எதிராக வாக்கு விழுந்தது. கும்பிடுவது ஒன்று, வாக்களிப்பது வேறொன்று என்று நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

தமிழனுக்கு மட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1926இல் நடிகர் வாலன்டினோவின் உடலைப் பார்க்க நியூயார்க்கில் திரண்ட கூட்டம் சவச்சாலையின் சன்னல்களை உடைத்தது. 2006இல் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மற்ற ஊர்களிலும் நடக்கிறது என்பது நமக்கு ஆறுதலாக இருக்கக் கூடாது.

எங்கள் பகுதியில் ஒரு முதிய பெண்மணி இருக்கிறார். இளம் வயதில் கணவரை இழந்தவர். 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது அதில் சமையல் வேலை கிடைத்து, அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். அவர் வீட்டுச் சாமி படங்களின் வரிசையில் முருகனுக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் இருவருக்கும் பூ உண்டு. அந்தப் பூவைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்கள் மீது எனக்கு மரியாதை கிடையாது. அரசாங்கம் என்ற ஒன்று அந்தப் பெண்மணியின் அடுப்படி வரை வந்தது அந்த ஒரு முறைதான். அப்படி வந்தபோது அதற்கு அந்த மனிதரின் முகம் இருந்தது. அவர் செலுத்துவது நன்றி. அதற்காக அவர் யாருடைய நகையையும் அடகு வைக்கவில்லை.

உங்கள் மருமகனின் கதை வேறு. அவனுக்கு அந்த நடிகர் இதுவரை எதுவும் செய்யவில்லை. பிறகு ஏன் பேனர்? ஒரு முறை அந்தப் பேனரைக் கிட்டே போய்ப் பாருங்கள். நாம் எல்லோரும் நடுவில் நிற்கும் பெரிய உருவத்தைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு நகர்ந்துவிடுகிறோம். கீழே ஒரு வரிசை இருக்கிறது. பாஸ்போர்ட் அளவு முகங்கள் இருபது, முப்பது. ஒருவன் கூலிங் கிளாஸ் அணிந்திருப்பான். ஒருவன் செல்போனைக் காதில் வைத்து யாரிடமோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருப்பான். ஒருவன் கைகூப்பியிருப்பான். ஒவ்வொரு முகத்தின் கீழும் பெயர், பெயருக்கு முன்னால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர், பின்னால் மன்றத்தில் அவன் வகிக்கும் பொறுப்பு. அதிகம் பணம் போட்டவன் படம் சற்றுப் பெரிது. விபத்தில் இறந்துபோன நண்பன் ஒருவன் படமும் மாலையோடு ஓரத்தில் இருக்கும்.

பேனர் கட்டும் இரவில் எங்கள் தெருமுனையில் அந்தப் பிள்ளைகளோடு நின்று பேசியிருக்கிறேன். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு இழுத்துக் கட்டி முடித்ததும் அவர்கள் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தது நடிகரின் முகத்தை அல்ல, கீழ் வரிசையில் தங்கள் முகங்களை. கடையில் "டேய்" என்று கூப்பிடப்படுகிறவன், வீட்டில் "எப்போது சம்பாதிக்கப் போகிறாய்" என்று கேட்கப்படுகிறவன், அந்த வரிசையில் இணைச் செயலாளர். அவன் ரத்த தானம் செய்ய ஓடுகிறான், வெள்ளம் வந்தால் அரிசி மூட்டை சுமக்கிறான், மன்றத்து நண்பன் வீட்டில் சாவு என்றால் விடிய விடியக் கூட நிற்கிறான். இந்த மரியாதையை அவனுக்குப் பள்ளியோ, வேலையோ, உறவோ கொடுத்திருந்தால் கம்மல் அடகுக்கடைக்குப் போயிருக்காது. அவனை அடிமை என்று திட்டும்போது, அவனுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பதவியையும் நீங்கள் பிடுங்க வருவதாகத்தான் அவன் காதில் விழும்.

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். அது கும்பிடுகிறவர்கள் மீது அல்ல, கும்பிடுவதை வாங்கிக்கொள்கிறவர்கள் மீது.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று இறந்தபோது பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபோது, அதிர்ச்சியில் இறந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கானோரின் பட்டியலைக் கட்சியே வெளியிட்டு, குடும்பத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. இழப்பில் தவிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு உதவுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தொண்டனின் சாவைத் தலைவரின் பெருமைக்குக் கணக்காக எழுதிக் காட்டியது பெரும் பாவம். எந்தத் தலைவருக்காகவும் சாகாதீர்கள், செத்தால் அது எங்களுக்கு அவமானம் என்று அந்த மேடைகளில் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டமும் அப்படித்தான். 1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகக் குளத்தில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா நீராட வந்த நாளில் நெரிசலில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் நடிகர் விஜய்யின் பரப்புரைக் கூட்டத்தில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. எந்தக் கட்சி, எந்த அதிகாரி என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை, அது விசாரணையின் வேலை. ஆனால் வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைத் தங்கள் வலிமை என்று எண்ணிக் காட்டும் பழக்கம் எல்லாக் கட்சிகளுக்கும் இருக்கிறது. தலைவர் தாமதமாக வந்தால் கூட்டம் பெருகும், படம் நன்றாக வரும். தண்ணீர் எங்கே, வெளியேறும் வழி எங்கே, மயங்கியவரை எந்தப் பக்கமாகத் தூக்கிச் செல்வது என்பதைத் தலைவரே கேட்டால்தான் கீழே உள்ளவர்கள் செய்வார்கள்.

தலைவர்களால் இதை நிறுத்த முடியாது என்று சொல்வதை நான் நம்புவதில்லை. 2011இல் அஜித் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். அவர் படங்களுக்குக் கூட்டம் குறையவில்லை. மன்றம் கலைந்தும் ஆர்ப்பாட்டம் முழுதாக ஓயவில்லை என்பது உண்மைதான். 2023 ஜனவரியில் அவர் பட வெளியீட்டின்போது லாரி மீது ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். ஆகவே ஓர் அறிக்கையோடு கடமை முடிந்துவிடாது. பாலாபிஷேகம் செய்யாதே, கட்அவுட் மீது ஏறாதே, நகையை விற்றுப் பேனர் வைத்தவனை நான் சந்திக்க மாட்டேன் என்று ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவார் என்று அவர் ரசிகர்கள் 1996இலிருந்து காத்திருந்தார்கள். 2017 கடைசி நாளில் வருகிறேன் என்றார், 2020 கடைசியில் உடல்நலம் கருதி வரவில்லை என்றார். அந்த முடிவுக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இருபதுகளில் காத்திருக்கத் தொடங்கியவர்கள் ஐம்பதை நெருங்கியிருந்தார்கள்.

மருமகனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். முதலில் கை ஓங்கியதற்கு வருத்தம் தெரிவியுங்கள், மூத்தவர் நீங்கள்தான். அடகுச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பாதியை நீங்கள் போடுங்கள், மீதியை அவன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டட்டும். முழுவதையும் நீங்களே கட்டிவிடாதீர்கள். பிறகு அவன் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இழித்துப் பேசாமல், மன்றத்தின் வரவு செலவு நோட்டு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பேனருக்கு எவ்வளவு ஆனது, மீதி எங்கே போனது, அவன் இதுவரை மொத்தம் எவ்வளவு போட்டிருக்கிறான் என்று அவனே போய்க் கேட்டு வரட்டும். கேட்கத் தொடங்கிய தொண்டன் மன்றத்தை விட்டுப் போக வேண்டியதில்லை, அந்த மன்றத்துக்கு அவனைப் போன்றவன்தான் தேவை.

கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள், தடுத்தால் சொல்லாமல் போவான். மேடைக்கும் வாகனத்துக்கும் அருகே போகாமல் ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். மரத்திலும் மின்கம்பத்திலும் கூரையிலும் ஏறுகிறவர்களுக்குக் கீழே நிற்க வேண்டாம். தண்ணீர் கொண்டு போகட்டும். நெருக்கம் கூடுகிறது என்று தோன்றினால், தலைவர் பேசிக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். கைக்குழந்தையோடு வருகிற குடும்பங்களை நுழையும் இடத்திலேயே பேசித் திருப்பி அனுப்புகிற வேலையை, இணைச் செயலாளர் என்ற முறையில், அவனையே ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.