பேலிங் மெஷினுக்கு மானியம்: யாரிடம் எதைக் காட்டிக் கேட்பது?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: “நானும் என் மைத்துனரும் ஒரு பக்கி (சிறு சரக்கு) வண்டி வைத்துக்கொண்டு, ஹேவன்சைடு, குரோஃப்ட்டீன் பகுதிக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் அட்டைப்பெட்டிகளையும் சேகரித்து விற்று வருகிறோம். வீட்டுக் கொல்லையில்தான் பிரித்து அடுக்குகிறோம். சரக்கை அழுத்திப் பெரிய கட்டாக, அதாவது பேலாக, கட்டும் பேலிங் மெஷின் ஒன்று சொந்தமாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும். எங்கள் கோயிலில் காவடி முடிந்ததும் சேரும் தேங்காய் மட்டை, வாழையிலை, பூமாலைகளை எருவாக்கவும் ஆசை. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மானியம் தருபவர்கள் யார்? எனக்கு வயது 34.”

உங்கள் தொழிலுக்குப் பணம் தரக்கூடியவர்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒவ்வொருவரும் வேறு யாருக்கோ கணக்குக் காட்ட வேண்டியவர்கள். அந்தக் கணக்கில் நிரப்ப வேண்டியதை உங்களால் தர முடியும் என்று தெரிந்தால்தான் விண்ணப்பம் நகரும். சுற்றுச்சூழலைக் காப்பாற்றப் போகிறோம் என்று இரண்டு பக்கம் எழுதுவதால் எதுவும் ஆகாது.

2008-ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2020 நவம்பரில் வெளியிடப்பட்ட விதிகள், காகிதம், பொதிபொருள், மின்னணுச் சாதனங்கள், விளக்குகள் ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள், பயன்பாட்டுக்குப் பின் அவை என்ன ஆகின்றன என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2021 மே 5 முதல் கட்டாயமாக்கின. இந்தப் பொறுப்பை அந்த நிறுவனங்களின் சார்பில் சுமப்பவைதான் தண்ணீர், குளிர்பானம் வரும் பெட் வகைப் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கான பெட்கோ, பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக்குகளுக்கான பாலிகோ, காகிதத்துக்கும் அட்டைக்குமான ஃபைபர் சர்க்கிள் போன்ற அமைப்புகள். ஆண்டுதோறும் இத்தனை டன் சேகரிக்கப்பட்டது, மறுசுழற்சிக்குப் போனது என்று இவை அரசுக்குக் காட்டியாக வேண்டும். ஆகவே இவற்றுக்கு வேண்டியது டன் கணக்கும் அதற்கான சான்றும். தரும் உதவியும் பெரும்பாலும் ரொக்கமாக இராது. தராசு, பெரிய சாக்குகள், கன்டெய்னர், சில வேளைகளில் பேலிங் மெஷின் என்று பொருளாகவே வரும்.

அந்தச் சான்று எடைச் சீட்டுதான். நீங்கள் சரக்கை விற்கும் இடத்தில் தேதி, பொருளின் வகை, கிலோ, ஈரத்துக்காகக் கழித்த எடை, தந்த தொகை ஆகிய ஐந்தும் எழுதிய சீட்டை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி, மாதவாரியாகக் கோத்து வையுங்கள். ஆறு மாதச் சீட்டுகள் கையில் இருந்தால் உங்கள் விண்ணப்பம் வேறு வரிசைக்குப் போய்விடும். ஈரத்துக்காகக் கழித்த எடையை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள்: டர்பனின் கோடை மழையில் திறந்த கொல்லையில் கிடக்கும் அட்டை எவ்வளவு பணத்தை இழக்கிறது என்பது அதில் தெரியும். மெஷினுக்கு முன்பு ஒரு கூரைதான் உங்களுக்குத் தேவை என்று அந்தக் கூட்டுத்தொகையே சொல்லக்கூடும். அப்படியானால் கூரைக்கே விண்ணப்பியுங்கள், அது மலிவு, எளிதில் கிடைக்கும்.

தரத்தையும் சொல்ல வேண்டும். பெட் பாட்டிலின் மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். தண்ணீரில் போட்டால் மூடி மிதக்கும், பாட்டில் துண்டு மூழ்கும் என்பதால் ஆலையில் அதைப் பிரித்துவிடுவார்கள். பாட்டில் முழுவதையும் சுற்றி ஒட்டியிருக்கும் பி.வி.சி. உறை அப்படியல்ல, அதுவும் மூழ்கிவிடுவதால் ஒரு பேலில் கொஞ்சம் கலந்தாலும் மொத்தச் சரக்கும் பழுது. தெளிந்த பாட்டில், பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்து, சமையல் எண்ணெய்ப் பாட்டிலை ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை, வாங்குபவர் தரும் ஒரு கடிதத்தின் மூலம் காட்ட முடிந்தால் அது பத்து வாக்குறுதிகளுக்குச் சமம். ‘மாதம் இவ்வளவு சரக்கை இந்தத் தரத்தில் எடுத்துக்கொள்வோம்’ என்ற அந்தக் கடிதம் இல்லாமல் மெஷின் கேட்பது வீண்.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது வீட்டுக் கொல்லைதான். அபாயமற்ற பொதுக் கழிவைப் பிரிக்கவும் பேல் கட்டவும் முழு உரிமம் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டு தேசிய நெறிமுறைகளின்படி பதிவு செய்தால் போதும். ஆனால் குடியிருப்பு மனையில் அத்தொழிலை நடத்த டர்பனை ஆளும் ஈதெக்வினி நகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் இடம் கொடுக்குமா என்பது தனிக் கேள்வி. நிதி தருபவர் இடத்தின் குத்தகைப் பத்திரத்தையும் நிலப் பயன்பாட்டு அனுமதியையும் கேட்பார். அங்கேதான் நல்ல விண்ணப்பங்கள் பல விழுகின்றன. தொழிற்பேட்டையில் சிறிய இடமாவது குத்தகைக்குப் பேசுங்கள். டின், செம்பு என்று உலோகமும் எடுக்கத் தொடங்கினால், பயன்படுத்திய பொருள்கள் வணிகத்துக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வயதைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமையான என்.ஒய்.டி.ஏ. தரும் மானியம் 18 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கு மட்டுமே; 1,000 ராண்டில் தொடங்கி, பொதுவான தொழில்களுக்கு 2 லட்சம் ராண்ட் வரை போகும். ஆகவே மற்ற எதற்கும் முன்பு இதைத் தொடங்குங்கள். மைத்துனர் 35-ஐத் தாண்டியவரானால், நிறுவனப் பங்குகளை எப்படிப் பிரிப்பது என்பதைப் பதிவுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்; குடும்பத்துக்குள் பின்னால் பேசுவது கடினம். சிறுதொழில்களுக்கான அரசு முகமைகளான சேடாவும் சேஃபாவும் 2024 அக்டோபரில் இணைந்து உருவான சேட்ஃபா, தொழில்திட்டம் எழுத உதவும், ஆனால் அது தரும் நிதியில் பெரும்பகுதி கடன். தொழில்நுட்பப் புதுமை முகமையான டி.ஐ.ஏ., பெயருக்கு ஏற்பப் புதிய தொழில்நுட்பத்துக்குத்தான் நிதி தரும். பழகிப்போன பேலிங்குக்கு அதனிடம் போக வேண்டாம். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மறுசுழற்சித் தொழில் ஆதரவுத் திட்டம் உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அழைப்பு வரும்போது மட்டும் திறக்கும் என்பதால் காகிதங்கள் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

அந்தக் காகிதங்கள்: நிறுவனப் பதிவு அலுவலகமான சி.ஐ.பி.சி.யின் பதிவு, வரித்துறையான சார்ஸ் தரும் வரி இணக்க எண், நிறுவனப் பெயரில் வங்கிக் கணக்கு, பி.இ.இ. (கறுப்பினத்தார் பொருளாதார மேம்பாடு) உறுதிமொழிப் பத்திரம். ஆண்டு வரவு 1 கோடி ராண்டுக்குள் இருந்தால், போலீஸ் நிலையத்தில் இலவசமாகச் சத்தியம் செய்து பெறும் பத்திரமே போதும், தனிச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம். பி.இ.இ.க்கான 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘கறுப்பினத்தார்’ என்ற வரையறையில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடங்குவர். ஆனால் அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்கள் பொதுவாக அதில் அடங்கமாட்டார்கள். 1994 ஏப்ரல் 27-க்கு முன்பே குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், அல்லது அன்றே அதற்குத் தகுதி உடையவராக இருந்திருக்க வேண்டும். கூட்டாளி அப்படிப்பட்டவரானால் பத்திரத்தில் பொய் எழுதிவிடாதீர்கள், அது குற்றம்.

கோயில் எருவை இந்த நிறுவனத்துடன் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தேசிய லாட்டரி ஆணையமும், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக வரும் சிறு மானியத் திட்டமும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கே பணம் தருகின்றன. உங்கள் நிறுவனத்துக்கு அந்தக் கதவு அடைபட்டது, பதிவு பெற்ற கோயில் சங்கத்துக்குத் திறந்தது. இயற்கைக் கழிவுக்கான 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஒரு நாளில் 10 டன்னுக்கு மேல் கையாளும் இடங்களுக்கானவை. கோயில் வளாகத்தில் எரு போடுவது அந்த அளவை நெருங்காது. தேங்காய் மட்டை மட்கக் காலம் பிடிக்கும் என்பதால் அதைத் துண்டாக்கும் மெஷினையே சங்கம் கேட்கலாம். சங்கமே விண்ணப்பித்து, தனிக் கணக்கு வைத்து, அள்ளும் வேலையை உங்களுக்கு ஒப்பந்தமாகத் தருவதானால், கமிட்டியில் நீங்களோ உறவினரோ இருப்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

என்.ஒய்.டி.ஏ.வும் லாட்டரி ஆணையமும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ‘உள்ளே ஆள் இருக்கிறது, கிடைப்பதில் பத்து சதவீதம் கொடுங்கள்’ என்று வருபவரிடம் உங்கள் அடையாள அட்டையின் நகலைக்கூடத் தர வேண்டாம்.