நான்கே நகர்த்தலில் மேட் ஆவது ஏன்? – சதுரங்கம்: கேள்வி பதில்

என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிப் போட்டிகளில் நான்கு நகர்த்தலிலேயே தோற்றுவிட்டு வருகிறான். எதிராளி ராணியையும் மந்திரியையும் வைத்தே முடித்துவிடுகிறானாம். என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

எஃப்7 கட்டத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. காயின் பெயர் சொல்லாமல் ‘ஜி6 ஆடுவது’ என்றால் சிப்பாயை அங்கே நகர்த்துவது.) ஆட்டம் தொடங்கும்போது கறுப்பின் அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. இரு பக்கமும் ராஜாவின் முன் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியாயிற்று என்று வையுங்கள். வெள்ளை ராணி எச்5-க்கு வந்து இ5 சிப்பாயை மிரட்டும். கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து அதைக் காக்கும், அதுவரை சரி. மூன்றாவதாக வெள்ளை மந்திரி சி4-க்கு வந்தால் குறி எஃப்7. இங்கேதான் பிள்ளைகள், ராணியை விரட்டுகிற ஆசையில், இன்னொரு குதிரையை எஃப்6-ல் வைப்பார்கள். ராணி எஃப்7-ஐ வெட்டும். பின்னால் மந்திரி இருப்பதால் ராஜா ராணியைத் தொட முடியாது, தப்பவும் வழியில்லை. மேட்.

மூன்றாம் நகர்த்தலில் ஆட வேண்டியது ஜி6. ராணி எஃப்3-க்கு நகர்ந்து மறுபடி எஃப்7-ஐப் பார்க்கும். இப்போது குதிரையை எஃப்6-ல் வைத்து வழியை அடைக்கலாம். அடுத்து மந்திரி ஜி7-க்கு, பிறகு கோட்டை கட்டி ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்தலாம். வெள்ளை ராணியோ தன் குதிரைக்கு உரிய எஃப்3-ஐ அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் வரிசை மாறக் கூடாது. குதிரை சி6-க்கு வருமுன்பே ஜி6 ஆடினால் ராணி இ5-ஐ வெட்டி செக் வைக்கும், அதாவது ராஜாவைத் தாக்கும். கூடவே எச்8 யானையும் போய்விடும்.

ஆகக் குறைந்த நகர்த்தலில் மேட் எது?
– வாசகர், மதுரை

இரண்டு. வெள்ளை எஃப்3, பிறகு ஜி4. கறுப்பு இடையில் இ5 ஆடியிருந்தால் ராணி எச்4-க்கு வந்ததும் கதை முடிந்தது. இதற்கு வெள்ளையின் ஒத்துழைப்பு நிறைய வேண்டும்!

இ5 சிப்பாயை வெள்ளைக் குதிரை தாக்கும்போது எஃப்6 ஆடிக் காப்பது தவறா? சிப்பாயைச் சிப்பாய்தானே காக்கிறது?
– வாசகர், ஈரோடு

தவறுதான். குதிரை இ5-ஐ வெட்டும். நீங்கள் அந்தக் குதிரையை வெட்டினால் ராணி எச்5-ல் செக். ஜி6 வைத்துத் தடுத்தால் ராணி இ5-ஐ வெட்டி மீண்டும் செக், யானையும் காலி. ராஜாவை இ7-க்கு நகர்த்தினால் இ5-ல் செக், எஃப்7-க்கு ஓடினால் சி4 மந்திரி செக் என்று ராஜா நடுப்பலகையில் அலைய வேண்டியதுதான். தெரியாமல் எஃப்6 ஆடிவிட்டால் குதிரையை வெட்டாமல் ராணியை இ7-ல் வையுங்கள். வெள்ளைக் குதிரை பின்வாங்கியதும் இ4 சிப்பாயை வெட்டி இழந்ததை மீட்கலாம். அப்போதும் ஆட்டம் வெள்ளைக்கே வசதி. இந்த ஆட்டத் தொடக்கத்துக்கு, போர்த்துகீசிய நூலாசிரியர் டேமியானோவின் பெயரால், டேமியானோ தற்காப்பு என்று பெயர். பாவம், அவர் 1512-ல் தம் புத்தகத்தில் இதை மோசம் என்று எழுதியவர்.

பெரிய ஆட்டக்காரர்களும் இப்படித் தோற்றதுண்டா?
– வாசகர், சேலம்

உண்டு. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அதே 1988-ல், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், ஆனந்த் கொலம்பியாவின் சபாட்டாவிடம் ஆறே நகர்த்தலில் தோற்றார். ஆனந்த் கறுப்பு. பெட்ரோஃப் தற்காப்பு என்ற தொடக்கம், கறுப்புக் குதிரை இ4-ல், வெள்ளைக் குதிரை சி3-ல். அந்தக் குதிரையை வெட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஆனந்த் மந்திரியை எஃப்5-ல் வைத்தார். சபாட்டா ராணியை இ2-ல் வைத்தார். கறுப்புக் குதிரை நகர்ந்தால் பின்னால் ராஜா, நகர வழியில்லை. டி5 வைத்துக் காத்தால் டி3 வந்து தாக்கும். ராணியை இ7-ல் வைத்தால் வெள்ளைக் குதிரை டி5-க்கு வந்து அதை விரட்டும், பிறகு அதே டி3. ஆனந்த் அத்துடன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இதில் வேடிக்கை, முந்தைய ஆண்டு இரு கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டத்தில் மந்திரி இதே எஃப்5-க்கு ஆடப்பட்டு, வெள்ளை ராணி இ2-க்குப் போகாமல், டிராவில் முடிந்திருந்தது.